கரையிலிருந்து தூரம்

மூன்று வரைபடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினாள்.

மேலே காற்றின் வேகம். நடுவில் புயல் எச்சரிக்கை வந்த நேரம். அடியில், கரையிலிருந்து தம்பியின் படகு இருந்த தூரம்.

படகு திரும்பி வரவில்லை. தம்பியும்.

விசாரணை அறிக்கையில் மூன்றும் தனித்தனிப் பக்கங்களில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் அதனதன் நேரக்கோடு. எச்சரிக்கை காலை ஆறரைக்கு. படகு புறப்பட்டது எட்டுக்கு. எச்சரிக்கையை மீறிச் சென்றவர் என்று எழுதி முடித்திருந்தார்கள்.

அம்மாவும் அதை நம்பினாள்.

தினமும் காலையில் தம்பி கிளீட்டஸின் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். கூலிங் கிளாஸ் போட்டுச் சிரிக்கிற படம். ஏற்றியதும் தொடங்கிவிடுவாள்.

"சொன்னா கேப்பியாலே நீ? காத்து கெடக்க கெடப்புல கடலுக்குப் போவானாலே ஒருத்தன்? கண்ணாடிய கழட்டிட்டு பதில் சொல்லு."

திட்டி முடித்த பிறகுதான் காப்பி. அம்மா அழுது யாரும் பார்த்ததில்லை.

மகள் மனுப் போட்டு, மூலக் கோப்புகளை வாங்கியிருந்தாள். வரைபடங்களுக்கு நிரல் எழுதுவதுதான் அவள் வேலை. மூன்றுக்கும் பொதுவாக ஒரே நேரக்கோடு வைத்தாள்.

பொருந்தவில்லை. இரண்டு வகை நேரம் கலந்திருப்பதாகப் பிழை காட்டியது.

எச்சரிக்கைக் கோப்பைத் திறந்து பார்த்தாள். மேல் மூலையில், சின்ன எழுத்தில்: கிரீன்விச் நேரம்.

இந்திய நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டினாள்.

எச்சரிக்கை நகர்ந்து வந்து நண்பகலில் நின்றது.

அதற்கு நேர்கீழே, அதுவரை ஏறிக்கொண்டே போன படகின் கோடு மடங்கியிருந்தது. அங்கிருந்து கீழ்நோக்கி. கரையை நோக்கி.

அடிவரை வரவில்லை.

அச்செடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். எது காலை, எது நண்பகல், எது கரை என்று காட்டினாள்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். மடங்கிய இடத்தில் விரலை வைத்தாள். கோட்டின்மேல் மெதுவாக இறங்கி, அது முடிகிற இடத்தில் நிறுத்தினாள். கீழே வெள்ளைத்தாள் மிச்சமிருந்தது.

"ஒயர்லெஸ்ல கேட்ட ஒடனே திரும்பிட்டான். இல்லியா மக்ளே?"

"ஆமாம்மா."

அம்மா விரலை எடுக்கவில்லை.

மறுநாள் காலை தீக்குச்சி உரசும் சத்தத்தில் மகள் கண்விழித்தாள்.

எழுந்திருக்காமல் காத்திருந்தாள்.

மெழுகு உருகும் வாசனை வந்தது.

வேறெதுவும் வரவில்லை.