திரும்பிப் போனவள்

"எழுந்து நில்லுங்க, சகோதரி டெமெட்ரியா" என்றார் பாஸ்டர் எலியாசர்.

கடைசிப் பெஞ்சிலிருந்து அவள் எழுந்தாள். மூன்று மாதமாக அவளுக்கு அந்தப் பெஞ்சுதான். திருவிருந்து கிடையாது. பாட்டு நடத்தக் கூடாது.

மலை சரிந்த அன்று, "மேல ஓடுங்க! யாரும் திரும்பிப் போகக் கூடாது!" என்று பாஸ்டர் கத்தியிருந்தார். டெமெட்ரியா திரும்பிப் போனாள். அவளோடு ஓடிய கணவன் நிக்கானோர் சேற்றிலிருந்து மீளவே இல்லை.

"பெருமையினால கீழ்ப்படியாமப் போனேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சபை மன்னிச்சுடும். புது மேட்டுல சபை கட்டுற வீடுகள்ல உங்களுக்கும் ஒண்ணு உண்டு" என்றார் பாஸ்டர்.

குவாத்தமாலா நகரத்திலிருந்து வந்திறங்கிய மரமும் தகரமும் சபையாருக்கு மட்டும்தான். இல்லையென்றால் அவள் மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்குள்தான், இருமுகிற கைக்குழந்தையோடு.

டெமெட்ரியா குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குத் திரும்பிப் போனீங்கன்னாவது சொல்லுங்க."

"சொன்னா இன்னொரு வீடு இடியும், பாஸ்டர்."

சபையில் பாஸ்டருக்கு அடுத்தவரான டீக்கன் பொர்ஃபிரியோ துள்ளி எழுந்தார். "பாத்தீங்களா திமிரை! வேதத்துல வர்ற லோத்தின் மனைவியும் இப்படித்தான். எரியிற ஊரைத் திரும்பிப் பாக்காதேன்னாங்க, பாத்தா. உப்புத்தூணாப் போனா. அவளாவது தான் மட்டும் போனா. இவ புருஷனையும் சேத்துல விட்டுட்டு வந்து நிக்கிறா!"

"கொஞ்சம் உக்காருங்க டீக்கன், தொண்டை கிழிஞ்சிடப் போகுது!" சந்தையில் சோள ரொட்டி விற்கும் ஹசிந்தா குறுக்கிட்டாள். "அந்த ஊருக்குள்ள அவ பெத்த பொண்ணுங்க இருந்திருப்பாங்க. எந்தத் தாய் திரும்பாம இருப்பா? அதுக்குப் பேரு பெருமையா?"

"அப்படி வேதத்துல எழுதல" என்றார் டீக்கன்.

"அவ பேரைக்கூடத்தான் எழுதல. அதுக்காகப் பேரே இல்லாமலா பொறந்தா?"

சிலர் சிரித்தார்கள். பாஸ்டர் சிரிக்கவில்லை.

"எழுதியிருக்கிறது நமக்குப் போதும். இவங்களைச் சபையை விட்டு விலக்கணும்னு சொல்றவங்க கை தூக்குங்க."

முதலில் உயர்ந்தது டீக்கனின் கை. அடுத்து அவர் மனைவியும் வளர்ந்த இரண்டு மகன்களும். பிறகு பெஞ்சு பெஞ்சாக எல்லாரும். ஹசிந்தா மட்டும் இரண்டு கைகளையும் மடியிலேயே வைத்திருந்தாள்.

பதிவேட்டில் பெயர் அடிக்கப்பட்டது. குழந்தையை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு டெமெட்ரியா தூறலில் இறங்கி நடந்தாள்.

காப்பித் தோட்டத்துத் திருப்பத்தில் பின்னால் காலடிச் சத்தம். டீக்கன்தான். மூச்சு வாங்கியது. வழியில் வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, தொப்பியைக் கழற்றினார்.

"சகோதரி, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். நான் மாட்டை அவுத்துவிடத் திரும்பி ஓடினது, என் கூப்பாடு கேட்டு நீங்க ரெண்டு பேரும் வந்து என்னைச் சேத்துலருந்து தோண்டி எடுத்தது... இனிமேலும் என் பிள்ளைங்களுக்குத் தெரிய வேண்டாம்."