காற்று போக வழி

"நீ போட்டது கூரையா, சல்லடையா?"

மேஸ்திரி ஏணியைச் சாத்துவதற்குள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்ததும் குரல் இன்னும் ஏறியது.

"படுக்கையறைல சொட்டு சொட்டுன்னு ஊத்துது. இந்த லட்சணத்துல குளிர் தெரியாம இருக்கக் கூரைக்கு அடியில பஞ்சு வேற வெச்சானாம்!"

"மழை பெஞ்சே ஒரு மாசமாச்சே சார்..."

"அதைத்தானேய்யா கேக்கறேன்? மழையே இல்லாம ஒழுகற கூரையை நீ ஒருத்தன்தான் போட முடியும்!"

மேஸ்திரி மேலே ஏறினார். கூரை விளிம்பில் இறவாரத்துப் பலகையைக் கழற்றினார். கையை விட்டார். ஈரக் கம்பளி ஒன்று வந்தது. இழுக்க இழுக்க, மொத்தம் நாலு.

அவற்றோடு இறங்கி வந்தவருக்கு ஒரே சங்கடம். வயசானவரை நாலு பேர் முன்னால் எப்படிக் குற்றம் சொல்வது?

"காத்து போற சந்து அடைச்சிருக்கு சார். எலி ஏதாவது இழுத்துட்டு வந்து..."

"எலியா!" தலைமையாசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம். "எலிக்கு ஏதுய்யா அவ்வளவு மூளை? குளிர்காத்து புகற மாதிரி நீ சந்து விட்டுட்டுப் போயிட்டே. நானே ஏணி போட்டு ஏறி, இண்டு இடுக்கு விடாம அடைச்சேன்!"

மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். "அது தெரிஞ்சே விட்ட சந்து சார். சமைக்கிறது, குளிக்கிறது, நாம விடற மூச்சு, எல்லா ஆவியும் மேலதான் ஏறும். பஞ்சைத் தாண்டிப் போய் ஜில்லுனு இருக்கிற கூரைல பட்டா, சோத்துப் பானை மூடி மாதிரி வேர்த்துக் கொட்டும். அந்த ஈரத்தைக் காத்து அடிச்சுட்டுப் போகத்தான் பஞ்சுக்கு மேல வழி விட்டேன். ஒழுகினது மழையில்லை, உங்க வீட்டு ஆவி."

மதிலுக்கு அப்பால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"எனக்கே பாடம் எடுக்கறியா?" என்று அவர் எகிறும்போது, சத்தம் கேட்டு வெளியே வந்தார் மனைவி. கீழே கிடந்த கம்பளிகளை ஒவ்வொன்றாய்ப் புரட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"ஏங்க, இந்த நாலையும் திருடிட்டாங்கன்னு சொல்லித்தானே, வீட்டு வேலை செஞ்ச அம்மாவைத் தெருவுல நிக்க வெச்சு அசிங்கப்படுத்தி அனுப்பினீங்க? கிளம்புங்க. அவங்க தெருவுல போய் நின்னு, 'நான்தான் எடுத்தேன்'னு இதே சத்தத்துல சொல்லிட்டு வாங்க."