இன்னைக்கு மட்டும்

"இன்னைக்கு மட்டும் வேணாம் ஜீவா." அழகுமுத்து பஸ் படியிலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "அந்த மெசினு ஆளையே உருக்குது. ஒரு நாளு விட்டா என்னா?"

ஜீவராணி கணவரின் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினாள். "நடுவுல விடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல? பேசாம ஏறுங்க."

கொத்மலையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் ரஸீனா, பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணனுக்கு ரொம்ப ஏலாம இருக்கா?"

"சோறு எறங்கலங்க. தூக்கமும் இல்ல. பாதி ஆளா போயிட்டாரு."

ரஸீனா மனம் இளகி, ஒரு பிஸ்கட் பாக்கெட்டை அவர் மடியில் வைத்தாள். "தைரியமா இருங்க அண்ணே. அல்லாஹ் சுகத்தைத் தருவான்."

அழகுமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜீவராணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கண்டியில் இறங்கி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், ஜீவராணி பையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து மடமடவென்று குடித்தாள்.

"எனக்கு ஒரு வாய் குடேன்."

"இது நான் குடிக்க வேண்டியது. நீங்க கடையில வாங்கிக்கிங்க."

'கரண்டு புடிக்கிற' கதிர்ச் சிகிச்சை அறைக்கு முன்னால் இருந்த நீள வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்தக் கனத்த கதவைப் பார்த்ததுமே அழகுமுத்து எழுந்து போகப் பார்த்தார். ஜீவராணி அவர் கையைத் தன் மடியில் இழுத்து வைத்து அழுத்திப் பிடித்தாள்.

"சின்னப் புள்ள மாதிரி. இந்தக் கெழமையோட முடியுதுங்க."

"உள்ள போயி கதவ மூடிட்டா எனக்கு உசுரே நின்னுருது ஜீவா."

கதவு திறந்தது. வெளியே வந்த நர்ஸ் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "ஐயா, இன்னைக்கும் அழுகையா? கர்ப்பப்பைப் புற்றுநோய்க்கு வர்றவங்கள்ல ஒரு நாளும் தவறாத ஆளு இங்கதான் இருக்காங்க. நீங்க ஏன் பயப்படுறீங்க?"

அழகுமுத்து எழுந்திருக்கவில்லை. டாக்டர் சொன்னபடி வயிறு நிறையத் தண்ணீர் குடித்திருந்த ஜீவராணிதான் எழுந்தாள். பையை அவர் மடியில் வைத்து, முந்தானையால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"அழுவாம பிஸ்கட்ட சாப்புடுங்க. கரண்டு புடிக்கிறது எனக்குத்தான்!"