செண்பகத்தின் சேலை

மாதாந்திர நோய்ப் பரிசோதனையில் பயந்த மாட்டின் ரத்தம் தப்பான முடிவைத் தரும் என்பதால், ரத்தம் எடுக்கையில் கயிறு பிடிக்க, மாடு அதிகம் நம்பும் ஆளைப் பரிசோதனைக் கருவியே தேர்ந்தெடுத்தது. வேலம்மாளின் செவலைப் பசுவுக்கு அது சொன்ன பெயர், பக்கத்து வீட்டுச் செண்பகம்.

“பத்து வருசமா பால் கறக்குறவ நான்.”

“கறக்குறது நீங்க மைனி. தெனமும் கழுநீர் ஊத்துறது நான்தான?”

முடிவு சந்தேகமாக வந்தால் பசுவை நோய்க்கொட்டிலுக்கு ஏற்றிவிடுவார்கள். ஆனாலும் செண்பகத்தைக் கூப்பிட வேலம்மாளுக்கு மனம் வரவில்லை.

“நீ வர வேண்டாம். உடுத்துன சேலை ஒண்ணு குடு.”

அதைச் சுற்றிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். பசு அவள் தோளை ஆசையாக நக்கியது.

“நோயில்லம்மா. ரத்தத்துல பயமும் இல்ல,” என்றார் ரத்தம் எடுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்.

“என்னை இது ஒரு நாளும் நக்குனதில்ல,” என்றாள் வேலம்மாள்.

சுவருக்கு அப்பாலிருந்து செண்பகம் சொன்னாள்: “சேலையத் தொவச்சிராதீங்க மைனி. அடுத்த மாசமும் வேணும்லா.”