நூற்றுப் பன்னிரண்டு எபிசோடுகள்

இரண்டாவது ஊசியும் ஏறியதும் அவர் கண்களை மூடிக்கொண்டார்.

இனி நான்கு மணி நேரம். இடது கையை அசைக்கக் கூடாது.

டயாலிசிஸ் மெஷின் அவருடைய ரத்தத்தை வாங்கிச் சுத்தம் செய்து திருப்பித் தந்துகொண்டிருந்தது. பதினோரு மாதமாக, வாரத்தில் மூன்று நாள்.

காலையில் கிளம்பும்போது மனைவியிடம் சொல்லிவிட்டார்.

"இன்னிக்கு ஒரு நாள் போறேன் சுகந்தி. வெள்ளிக்கிழமைலேர்ந்து வேணாம். முடியல."

அவள் அவருடைய ஃபுட்பால் அணியின் சிவப்பு ஜெர்சியை அவர் தலை வழியாக மாட்டி, கீழே இழுத்துவிட்டாள். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, அந்த டீமுக்கா நீங்க?"

கண்ணைத் திறந்தார்.

பக்கத்துக் கட்டிலில் இதற்கு முன் அங்கே பார்த்திராத ஒரு பெண். முப்பது வயதிருக்கும். அவள் கையிலும் அதே குழாய்கள்.

"ஞாயித்துக்கிழமை வாங்குன மூணு கோலு பத்தலையா? இன்னும் அதையே மாட்டிக்கினு வர்றீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. கோபப்பட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"மூணாவது ஆஃப்சைடும்மா. அது கோலே இல்ல."

அவள் சிரித்தாள்.

பெயர் ஜெசிந்தா. வியாசர்பாடி. மாவட்ட அணியில் ரைட் விங் ஆடியவள். டயாலிசிஸுக்கு வரத் தொடங்கி ஏழு வருடம்.

ஏழு என்று சொன்னபோது அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

"இத்தினி நேரம் என்னா பண்ணுவீங்க?"

"ஃபேனைப் பார்ப்பேன்."

"பாட்காஸ்ட் கேளுங்கண்ணே. பாண்டிச்சேரில அக்கா தங்கச்சி ரெண்டு பேரு பேசுறாங்க. ஃபுட்பாலும் பாட்டும். ஸ்டேடியத்துல ரசிகருங்க பாடுறாங்கல்ல, அந்தப் பாட்டு எங்கேர்ந்து வந்துச்சு, யாரு கட்டுனா, தோத்த அன்னிக்கும் ஏன் பாடுறாங்கன்னு. நூத்திப் பன்னெண்டு எபிசோடு. மொதல்லேர்ந்து கேக்கணும். நடுவுல பூந்துடக் கூடாது."

நம்பர் கேட்டு, ஒற்றைக் கையால் தட்டி அவருக்கு அனுப்பினாள்.

"இப்ப நீங்க ஒன்னு சொல்லுங்க."

அவர் யோசித்தார்.

"பழைய பாட்டுல பின்னாடி வாசிச்சவங்களைப் பத்தி ஒருத்தர் பேசுவாரு. எந்தப் பாட்டுக்கு யாரு ஃப்ளூட்டு, யாரு வயலின்னு."

"பேரு?"

பெயர் வரவில்லை. நாக்கு நுனியில் நின்றது. ஒரு காலத்தில் பதினோரு பேரின் பெயரையும் மாற்று ஆட்டக்காரர்களோடு சேர்த்து ஒப்பிப்பவர் அவர்.

"வீட்ல பாத்து சொல்றேன்மா."

"சரி, வெள்ளிக்கிழமை சொல்லுங்க."

ஜெசிந்தா இயர்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வரமாட்டேன் என்று சொல்ல அவர் அவளைக் கூப்பிடப் பார்த்தார். கூப்பிடவில்லை.

மூன்றாவது மணி நேரத்தில் வழக்கம்போலக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. நர்ஸ் ஓடி வந்து பாதத்தை மடக்கிப் பிடித்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்.

அப்போதுதான் போட்டிருந்த முதல் எபிசோடில், காதுக்குள், எங்கோ ஒரு ஊரில், புரியாத மொழியில், ஆயிரக்கணக்கானவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அணி நான்கு கோல் வாங்கியிருந்தது.

திரும்பும்போது ஆட்டோவிலும் கேட்டுக்கொண்டே வந்தார். முதல் எபிசோடு முடிந்தது. இரண்டாவது தானாகவே தொடங்கியது.

சட்டென்று நிறுத்தினார்.

"ஏன், நல்லால்லியா?" என்றாள் சுகந்தி.

"நல்லாத்தான் இருக்கு."

போனைப் பைக்குள் போட்டார்.

"வீட்லயே கேட்டுத் தீத்துட்டா, வெள்ளிக்கிழமை நாலு மணி நேரம் என்னா பண்றது?"

அவள் பக்கவாட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டோ அப்போது சிக்னலில் நின்றுகொண்டிருந்தது.