ஒரு கிண்ணம் போதும்

"வேண்டாமே, திராட்சை ஜூஸ் ஊத்திக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் டைம்கீப்பர்.

"உங்க பொண்ணுக்குத் தெரியும். சின்ன வயசிலேர்ந்து என் கையால சாப்பிட்டவ. ஜூஸை ஊத்தினா அது சாஸ் இல்ல, சர்க்கரைப்பாகு."

இருபது வருடம் ஓட்டலில் சமைத்தவள் அவர் மனைவி. கோழியின் நெஞ்சுத் துண்டுகளைப் பலகையில் பரப்பி, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி மெலிதாக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் டிப்போவில் முப்பது வருடம் வண்டிகளுக்கு நேரம் குறித்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்த அடுக்குமாடியில் அதுவே பெயராக நின்றுவிட்டது. இப்போது அவர் குறிப்பதெல்லாம் நாட்களைத்தான். தினமும் காலையில் காலண்டரில் ஒரு பென்சில் கோடு. இன்றோடு நூற்று நாலு. நூற்று நாலு நாளாக அந்த வீட்டுக்குள் ஒரு சொட்டு வந்ததில்லை.

இன்று வந்திருந்தது. அடுப்பு மேடையில், மூடி திறக்காத ஒயின் பாட்டில்.

"உங்களைக் கேட்டா சரிப்பட்டு வராதுன்னு நானே போய் வாங்கிட்டு வந்தேன். ஒரு கிண்ணம் போதும். மிச்சத்தைக் கொட்டிடலாம். அதுவரைக்கும் பாட்டில் என் பக்கத்துலேயே இருக்கும். சரிதானே?"

அவர் காளான் நறுக்க உட்கார்ந்தார். கத்தி ஒழுங்காக ஓடவில்லை. ஒரு துண்டு விரல் தடிமன், அடுத்தது காகிதம் மாதிரி.

"அங்க என்ன பார்வை?"

"ஒண்ணுமில்ல."

"காளானைப் பாருங்க. விரலையும் சேர்த்து நறுக்கிடப் போறீங்க."

மகள் வருகிறாள், ஆறு மாதக் குழந்தையோடு. பேத்தி இதுவரை இந்த வீட்டு வாசற்படி மிதித்ததில்லை. 'குடிக்கிற வீட்டுக்கு என் பிள்ளையைத் தூக்கிட்டு வரமாட்டேன்' என்று மகள் பிரசவத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள். சொன்னால் சொன்னதுதான். பேத்தி குப்புற விழுந்ததைக்கூட இருவரும் போனில்தான் பார்த்தார்கள். நூறாவது நாள் டைம்கீப்பர் வெட்கத்தை விட்டு மகளைக் கூப்பிட்டார். அவள், "ஞாயித்துக்கிழமை வரோம்பா," என்றாள்.

மைதாவில் புரட்டிய கோழித் துண்டுகள் வெண்ணெயில் பொன்னிறமாகின. அவற்றை எடுத்து வைத்துவிட்டு மனைவி அதே வாணலியில் காளானைப் போட்டாள்.

எதிர்வீட்டு நர்ஸ் திறந்திருந்த கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "மணம் ஆளைத் தூக்குதே. இன்னிக்கு யாரு..." பாட்டிலைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"சமையலுக்குத்தான். கொதிச்சா வெறும் மணம்தான் மிஞ்சும்," என்றாள் மனைவி.

நர்ஸ் அவள் பக்கம் தலையாட்டிவிட்டு, "பார்த்துக்குங்க சார்," என்று டைம்கீப்பரிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அவருக்குக் காது மடல் சுட்டது.

காளான் நீர் விட்டுச் சுண்டி, ஓரம் சிவந்தது. மனைவி பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் அவர் எழுந்து அடுப்பருகே வந்தார். அவள் கிண்ணத்தில் அளந்து வாணலியில் ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழும்பியது.

"சரி, குடு. மிச்சத்தை நான் கொட்டிடறேன்." கையை நீட்டினார்.

"சாஸ் பாதியா சுண்டட்டும். பத்தலைன்னா இன்னும் ரெண்டு கரண்டி வேணும்."

போன் அடித்தது. மகள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, பையைத் தூக்க ஆள் வேண்டும். நாலு மாடி.

"நீயும் வாயேன்," என்றார்.

"அடுப்பை யாரு பார்க்கிறது? அடி பிடிச்சிடும்."

"அப்ப பாட்டிலை நான் எடுத்துட்டுப் போறேன். குப்பைத்தொட்டி கீழதானே."

"பாட்டிலும் கையுமா மாப்பிள்ளை முன்னாடி போய் நிக்கப் போறீங்களா? ரொம்ப அழகா இருக்கும். போங்க."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டு அவர் இறங்கினார்.

மாப்பிள்ளை காரை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். மகள் நுழைவாயிலில், தோளில் தூங்கும் குழந்தையோடு நின்றிருந்தாள்.

"நிஜமாவே நூறு நாளாப்பா?"

"இன்னிக்கு நூத்தி நாலு. டைம்கீப்பர் கணக்கு தப்புமா?"

மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினார். எந்த மாடியிலும் நிற்கவில்லை. "மெதுவாப்பா, எதுக்கு இந்த ஓட்டம்?" என்று மகள் பின்னாலிருந்து கேட்டது காதில் விழவே இல்லை.

மேஜை தயாராக இருந்தது. வெள்ளைத் தட்டில் கோழித் துண்டுகள், அவற்றின் மேல் காளானோடு பளபளவென்று படர்ந்த பழுப்புச் சாஸ். துளிகூடத் தீயவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டே, முகமெல்லாம் மலர வாசலுக்கு வந்தாள்.

"என் தங்கம். வாடா, என்கிட்ட வா," என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. குழந்தையைத் தோளிலிருந்து பதமாக எடுத்து அம்மாவின் கைகளுக்குக் கொண்டுபோனாள். ஒரு சாண் தூரத்தில் நின்றாள். குழந்தையை மறுபடி தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டாள்.

"அம்மா, எங்கே, ஒரு தடவை வாயை ஊது."

அம்மா ஊதவில்லை, நீட்டியிருந்த கைகளை மெல்ல இறக்கிக்கொண்டாள்.