மாடியில் மூணு ரூம்

"டாக்டர், வாசல்ல யாரோ வேன்ல குடித்தனமே நடத்துறாங்க, பார்த்தீங்களா?"

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு பேஷன்ட் கேட்டார். "கண்ணாடியில துண்டு காயுது. ஒரு அம்மா கதவைத் திறந்து வச்சுக்கிட்டு முட்டை பொரிக்கிறாங்க."

பல் டாக்டருக்குச் சுரீரென்றது. அந்த அம்மா அவனைப் பெற்றவள்.

"தெரியல சார். வாயை நல்லாத் திறங்க" என்றான்.

அம்மா நேற்று சாயங்காலம் வந்தவள். இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டி அவனைப் படிக்க வைத்தவள். ரிட்டயர் ஆன கையோடு பழைய வேன் ஒன்றை வாங்கினாள். உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு. தன்னந்தனியாகக் கடற்கரை ரோட்டைப் பிடித்துக் கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் கூட வேலை பார்த்த ஆயாம்மா வீட்டு வாசலில் ரெண்டு நாள். மகள் வீட்டு வாசலில் நாலு நாள். நடுநடுவே ஆமை, நீர்நாய், பேர் தெரியாத பறவை.

மதியம் வீட்டுக்குக் கீழேயே இருந்த கிளினிக்கைச் சாத்தியதும் அக்காவுக்கு போன் போட்டான்.

"உனக்கு வெட்கமா இல்ல? பெத்த தாயை நாலு நாள் தெருவுல படுக்க வச்சிருக்க!"

"நான் என்னடா பண்ண? உள்ள வந்து படும்மான்னுதான் சொன்னேன். வேன்தான் வசதின்னுட்டா."

"அவ சொன்னா நீ விட்டுடுவியா? நானா இருந்தா கையைப் பிடிச்சு உள்ள இழுத்துட்டு வந்திருப்பேன்."

"இப்ப உன் வாசல்லதானே நிக்கிறா? இழேன்" என்று சொல்லி அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விறுவிறுவென்று வேனுக்குப் போனான்.

அம்மா வேன் படியில் உட்கார்ந்து போனில் போட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க வா, இதைப் பாரு. நீர்நாய்க் குட்டிடா. தாய் தண்ணிக்குள்ள போயிட்டு, குட்டி பாறையிலயே இருக்கான்னு தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்குது. ரெண்டு மணி நேரம் அசையாம நின்னுட்டேன்."

"போதும்மா!" என்று கத்தினான். "நான் ஒருத்தன் இருக்கேனா, செத்தேனா? வர்ற பேஷன்ட்டெல்லாம் கேக்கிறான். அறுபத்திமூணு வயசுல ரோட்டோரம் கிடந்துக்கிட்டு, ஆமை பார்க்கிறதும் நாய் பார்க்கிறதும் ஒரு பொழைப்பா? எவனாவது வந்து கதவைத் தட்டினா என்ன பண்ணுவ?"

"மெதுவாடா."

"எதுக்கு மெதுவா? எல்லாரும் கேக்கட்டும். மாடியில மூணு ரூம் இருக்கு. மூணு ரூம்! பெத்தவளை வச்சுக் காப்பாத்த வக்கில்லாதவனா நான்? உன்னை வாசல்ல விட்டுட்டு உள்ள உக்காந்து சாப்பிட்டா எனக்குச் செரிக்குமா?"

சொல்லும்போதே கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் ரெண்டு தலை தெரிந்தது. அவன் குரலைக் குறைக்கவில்லை.

அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி சாப்பிட உட்காரும் நேரத்துக்கு, சுவரைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி வந்தாள். கையில் ரெண்டு பை.

"என்ன அத்தை, பையெல்லாம்?" என்றாள் மருமகள்.

"இவன் சொன்னதை யோசிச்சுப் பார்த்தேம்மா. சரின்னுதான் படுது. யார்கிட்டயும் சொல்லல, இப்பல்லாம் கிளட்சை மிதிச்சா முழங்கால் உயிர் போகுது. எங்கேயாவது நடுவழியில நின்னுடுவேனோன்னு பயந்துக்கிட்டேதான் வந்தேன்." மகன் பக்கம் திரும்பினாள். "வேனை வித்துடுடா. நான் உன்கூடவே இருந்துடறேன்."

மருமகள் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

அவனுக்குப் புரை ஏறியது. தண்ணீர் குடித்தான். "அதுக்கென்னம்மா, தாராளமா. அந்த ஓரத்து ரூம்ல இவளோட ட்ரெட்மில் இருக்கு. அதைக் கழட்டினா மறுபடி மாட்ட முடியாது, அதான் பார்க்கிறேன்."

"நடு ரூம் பாப்பா படிக்கிறது, அத்தை. பரீட்சை வேற வருது" என்றாள் மருமகள்.

"மூணாவது ரூம்?" என்று அம்மா கேட்டாள்.

"அது கெஸ்ட் ரூம்மா. திடீர்னு யாராவது வந்தா வேணுமில்ல?"

அம்மா பைகளை ஹாலில் ஓரமாக வைத்துவிட்டு சோபாவிலேயே படுத்துக்கொண்டாள்.

காலையில் எழுந்தபோது பைகளைக் காணவில்லை. ஒவ்வொரு படியாக இறங்கி வாசலுக்கு வந்தாள்.

அவன் அப்போதுதான் வேனைக் கழுவி முடித்திருந்தான். டேங்க் நிறைய டீசல். நாலு டயருக்கும் காற்று. வண்டி மெயின் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றது. பைகள் ரெண்டும் கட்டில் மேல் பத்திரமாக இருந்தன. டிரைவர் சீட்டில், முழங்காலுக்கு மாட்டுகிற உறை ஒன்று, பாக்கெட் பிரிக்காமல்.

"அம்மா, ராத்திரி உக்காந்து நெட்ல தேடினேன். இன்னும் அறுநூறு கிலோமீட்டர் போனா திமிங்கலமே பார்க்கலாமாம். இந்த வாரத்தை விட்டா அடுத்த வருஷம்தான்" என்றான், டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தபடி. "உன் ஆசைக்குக் குறுக்க நிக்கிற பிள்ளை இல்லம்மா நான்."